அருங்காட்சியகமும் கல்விச் சுற்றுலாவும்

முன்னுரை

ஆண்டுதோறும் கல்லூரிகள் பலவற்றிலும் கல்விச் சுற்றுலாக்கள் நடைபெறுகின்றன. பேருந்தின் முகப்பில் பதாகை கட்டப்படுகிறது, புகைப்படம் எடுக்கப்படுகிறது. ஆயினும் திரும்பிய மாணவரிடம் கண்டது யாதெனக் கேட்டால், கடற்கரையும் கடைவீதியுமே விடையாக வருகின்றன. இதனைச் சிறு குறையெனத் தள்ளிவிட இயலாது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்துள்ள மாணவரின் பெற்றோர் வீட்டுச் செலவைச் சுருக்கிச் சுற்றுலாக் கட்டணம் செலுத்துகின்றனர். மகளை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் தந்தையார், 'கல்வி' என்ற ஒரு சொல்லை நம்பியே இசைவளிக்கிறார். அந்நம்பிக்கை பொய்க்குமாயின் அடுத்த மகளுக்கு அவ்விசைவு கிட்டாது. ஆதலின், சுற்றுலாவை எவ்வாறு திட்டமிடல் வேண்டும் என்பதைச் சென்னை மாநகரைச் சான்றாகக் கொண்டு காண்போம்.

எவற்றைக் காண்பது?

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது. 1854இல் எழும்பூர்ப் பாந்தியன் சாலைக்கு இடம் மாறியது. அங்குள்ள கூடங்கள் அனைத்தையும் ஒரே நாளில் காண முயல்வோர் நடந்து களைப்பரேயன்றி எதையும் உள்ளத்தில் கொண்டு மீளார். தமிழ் பயிலும் மாணவர்க்கு மூன்று பகுதிகள் போதும் என்பது நம் கருத்து.

முதலாவது, ஆதிச்சநல்லூர்த் தொல்பொருள்கள். அலெக்சாண்டர் ரீ என்பார் 1899ஆம் ஆண்டு முதல் அங்கு அகழாய்வு நடத்தி, இரும்பு, வெண்கலப் பொருள்களையும் பொன்னாலான நெற்றிப் பட்டங்களையும் வெளிக்கொணர்ந்தார். இறந்தோரைத் தாழியில் இட்டுப் புதைக்கும் வழக்கத்தைப் புறநானூறு பேசுகிறது. வகுப்பில் பொருளுரையாக மட்டும் கற்ற அவ்வழக்கம், இங்குக் கண்முன் நிற்கும் சான்றாகிறது.

இரண்டாவது, சோழர் காலச் செப்புத் திருமேனிகள். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் படிமம் இவற்றுள் புகழ்பெற்றது. மெழுகில் உருச்செய்து, மேலே மண் பூசிச் சுட்டு, உருகிய மெழுகை வடித்துவிட்டு, அவ்விடத்தில் உலோகத்தை வார்க்கும் முறையை மாணவர் முன்னரே அறிந்திருப்பின், படிமத்தில் தெய்வ உருவோடு கைவினைஞரின் திறத்தையும் காண்பர்.

மூன்றாவது, அமராவதிச் சிற்பங்கள். மணிமேகலையைப் பாடமாகப் பயில்வோர் பௌத்த சமயத்தின் கலைவளத்தை இங்கு உணரலாம். அமராவதித் தூபியின் சிற்பங்களுள் ஒரு பகுதி இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரே தூபியின் கற்கள் இரு நாடுகளில் இருப்பது ஏன் என்னும் வினா, மாணவரை வரலாற்றுக்குள் அழைத்துச் செல்லும்.

நாளும் வழியும்

அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். ஜும்ஆ நாளாகிய வெள்ளியன்று பயணம் வைக்காதிருப்பது நமக்கும் ஏற்றதே. சில கூடங்கள் சீரமைப்பின் பொருட்டு அடைக்கப்படுவதுண்டு; ஆதலின் முன்னரே கடிதம் எழுதி உறுதி செய்துகொள்ளல் வேண்டும்.

முற்பகல் முழுவதையும் எழும்பூருக்கு ஒதுக்கலாம். நண்பகலில் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்குச் சென்றால், லுஹர் தொழுகையும் நிறைவேறும். ஒரு பாடமும் கிட்டும். ஆற்காட்டு நவாபு வாலாஜாவின் குடும்பத்தார் 1795இல் கருங்கல்லால் எழுப்பிய அப்பள்ளியில், எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் கட்டிய ஹிஜ்ரி ஆண்டு கிடைக்கும் பாரசீகத் தொடர் பொறிக்கப்பட்டுள்ளது. அதனை இயற்றியவர் ராஜா மக்கன்லால் கிராத் என்னும் இந்து அறிஞர். சமய நல்லிணக்கம் குறித்துக் கட்டுரை எழுதும் மாணவர், இதனினும் சிறந்த சான்றை எங்கே தேடுவர்?

பிற்பகலில் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம். அங்குள்ள காரன்வாலிஸ் சிலையின் பீடத்தில், திப்பு சுல்தானின் மைந்தர் இருவர் 1792இல் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றப்பட்ட தேசியக் கொடியும் அதே அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. இவ்விரண்டையும் ஒரே நாளில் காணும் மாணவர்க்கு விடுதலை வரலாற்றின் தொடக்கமும் முடிவும் விளங்கும். கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் அனைவரும் அடையாள அட்டை வைத்திருத்தல் நலம்.

குழுவும் வினாவும்

அறுபது பேர் ஒரு கண்ணாடிப் பேழைமுன் நிற்க இயலாது. பத்துப் பேருக்கு ஒரு குழுவும், குழுவுக்கு ஒரு பொறுப்பாளரும், ஒரேயொரு வினாவும் அமைய வேண்டும். குழுக்கள் கூடம் மாறி மாறிச் செல்லலாம். முதலில் பொருளை உற்றுநோக்கிய பின்னரே விளக்கப் பலகையைப் படித்தல் வேண்டும். பலகையைப் படியெடுப்பது பார்வையாகாது. பயணத்திற்கு ஒரு வாரம் முன்பே உரிய பாடங்களை வகுப்பில் நடத்திவிடல் இன்றியமையாதது. மாணவியருடன் பேராசிரியைகள் செல்லுதல், உணவு, தொழுகை, கழிப்பிட வசதி, திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுத்து வடிவில் பெற்றோர்க்கு அனுப்புதல் ஆகியன அவர்தம் கவலையைப் போக்கும்.

முடிவுரை

பயணம் முடிந்த பதினைந்து நாள்களுக்குள் ஒவ்வொரு குழுவும் தன் வினாவுக்கான விடையைத் தமிழ்த்துறைக் கூட்டத்தில் கட்டுரையாகப் படித்தல் வேண்டும். அக்கூட்டத்திற்குப் பெற்றோரையும் ஊர்ப் பெரியோரையும் அழைப்போம். தம் மகள் ஆதிச்சநல்லூரைப் பற்றி அவையில் பேசக் கேட்கும் தந்தையார், அடுத்த ஆண்டு தயங்கமாட்டார். வசதியுள்ள பெரியோர் ஒவ்வொருவரும் ஓர் ஏழை மாணவரின் பயணச் செலவை ஏற்பாராயின், கட்டணம் செலுத்த இயலாமையால் எவரும் பின்தங்கும் நிலை நம் கல்லூரியில் இராது.