ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: திரையும் மவுஸும் நம் வசதிக்கு

ஸ்ட்ராட்டஜி கேம் பிரியர்களுக்கு ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ பற்றி அதிக அறிமுகம் தேவையில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இயங்கிய என்செம்பிள் ஸ்டுடியோஸ் உருவாக்கி, மைக்ரோசாஃப்ட் 1999ல் வெளியிட்ட கேம் இது. 2000ல் ‘தி காங்கரர்ஸ்’ என்ற கூடுதல் தொகுப்பும் வந்தது. நான் பள்ளியில் படித்தபோது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இதை அதிகம் விளையாடியவர் என் அப்பா. நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பிவிட்டது. வலது கை முழுதாகத் திரும்பவில்லை. பார்வையும் சற்று மங்கல். பகல் முழுவதும் டிவி முன் உட்கார்ந்திருந்தவர், ஒரு நாள் “தம்பி, அந்தக் குதிரைப் படை கேம் இருக்கா?” என்று கேட்டார். விண்டோஸ் 7 உள்ள பழைய கம்ப்யூட்டரைத் தூசு தட்டி, சிடியைத் தேடி எடுத்து இன்ஸ்டால் செய்தேன். திரை முழுக்கப் படம், அதிக வேகம் என எனக்குப் பிடித்தபடி எல்லாவற்றையும் வைத்துக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டார். “என்னால முடியலப்பா, நீயே விளையாடு” என்றார்.

தவறு என்னுடையது. என் கண்ணுக்கும் என் கைக்கும் ஏற்றபடி செட் செய்துவிட்டு, அவரை விளையாடச் சொன்னேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து மாற்றியவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன். உங்கள் வீட்டிலும் பயன்படலாம்.

1. நிறங்கள் மாறித் தெரிகிறதா?

விண்டோஸ் விஸ்டா மற்றும் விண்டோஸ் 7ல் இந்த கேமை இயக்கினால், புல்வெளி ஊதாவாகவும் தண்ணீர் சிவப்பாகவும் தெரியலாம். கிராபிக்ஸ் கார்டு கெட்டுவிட்டதோ எனப் பயப்பட வேண்டாம். இந்த கேம் 256 நிறங்கள் கொண்ட ஒரு நிறப் பட்டியலை வைத்துப் படம் வரைகிறது. விண்டோஸ் டெஸ்க்டாப்பை இயக்கும் எக்ஸ்புளோரர் புரோகிராம் நடுவில் புகுந்து அந்தப் பட்டியலின் சில இடங்களை மாற்றிவிடுவதே காரணம்.

எளிய வழியை முதலில் பாருங்கள். டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, ஸ்கிரீன் ரெசல்யூஷன் விண்டோவைத் திறந்து வையுங்கள். அதை மூடாமல் கேமைத் தொடங்குங்கள். பல கம்ப்யூட்டர்களில் இதுவே போதும்.

சரியாகவில்லை எனில், திறந்துள்ள பைல்களை சேவ் செய்துவிட்டு, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளை ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் கிடைக்கும். பிராசஸஸ் டேபில் எக்ஸ்புளோரரைத் தேர்ந்தெடுத்து, எண்ட் பிராசஸ் கிளிக் செய்யுங்கள். டெஸ்க்டாப் மறைந்துவிடும், கவலை வேண்டாம். பைல் மெனுவில் நியூ டாஸ்க் சென்று, பிரவுஸ் மூலம் கேம் பைலைத் தேர்ந்தெடுத்து இயக்குங்கள். விளையாடி முடித்ததும் அதே நியூ டாஸ்க் பெட்டியில் எக்ஸ்புளோரர் என ஆங்கிலத்தில் டைப் செய்து எண்டர் தட்டினால் டெஸ்க்டாப் திரும்பி வரும்.

2. எந்த ஸ்கிரீன் சைஸ்?

கேமில் எப்10 அழுத்தி, ஆப்ஷன்ஸ் சென்றால் 800 x 600, 1024 x 768, 1280 x 1024 என மூன்று அளவுகள் உண்டு. இதில் உள்ள வீரனும் வீடும் குறிப்பிட்ட பிக்ஸல் கணக்கில் வரையப்பட்டவை. எனவே ரெசல்யூஷன் கூடினால் மேப்பில் அதிக இடம் தெரியும், ஆனால் ஆட்கள் சிறுத்துப் போவார்கள். குறைத்தால் ஆட்கள் பெரிதாவார்கள், தெரியும் இடம் சுருங்கும்.

எங்கள் மானிட்டர் 1366 x 768. உயரம் 768 மட்டுமே என்பதால் 1280 x 1024 சரிப்படாது. 1024 x 768 உயரத்தில் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் மானிட்டர் அதை அகலவாக்கில் இழுத்து நிரப்பினால், எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகலமாகி, குதிரைகள் எருமை போலத் தெரியும். கிராபிக்ஸ் டிரைவரின் கண்ட்ரோல் பேனலில் ஸ்கேலிங் பகுதிக்குச் சென்று, மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இருபுறமும் 171 பிக்ஸல் கறுப்புப் பட்டை வரும். படம் சரியான வடிவில் இருக்கும். சில டிரைவர்களில், டெஸ்க்டாப்பை முதலில் 1024 x 768க்கு மாற்றினால்தான் இந்த ஆப்ஷன் தெரியும். அதுவும் இல்லையெனில் மானிட்டரின் மெனு பட்டனை அழுத்தி 4:3 என்ற அமைப்பு இருக்கிறதா எனப் பாருங்கள்.

அப்பாவுக்கு நான் வைத்தது 800 x 600. அதே இடத்தில் குறைந்த பிக்ஸல்கள் என்பதால் ஒவ்வொரு ஆளும் 28 சதவீதம் பெரிதாகத் தெரிகிறான். ஓரங்கள் சற்று மங்கும். “இப்ப யார் விறகு வெட்டுறான்னு தெரியுது” என்றார்.

3. ஒரே பட்டனில் மவுஸ்

வழக்கமாக இடது பட்டனில் ஆளைத் தேர்ந்தெடுத்து, வலது பட்டனில் கட்டளை கொடுப்போம். ஆப்ஷன்ஸில் மவுஸ் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் ஒன்-பட்டன் எனத் தேர்ந்தெடுத்தால், இரண்டையும் ஒரே பட்டனில் செய்யலாம். இடது கையில் மவுஸ் பிடிக்கப் பழகுபவர்களுக்கு இது பெரிய உதவி. முதல் நாளில் வேண்டாத இடத்துக்கு ஆட்கள் நடந்து போவார்கள். இரண்டு நாளில் பழகிவிடும்.

அருகிலேயே ஸ்க்ரோல் ஸ்பீடு உள்ளது. மவுஸ் திரையின் ஓரத்தைத் தொட்டதும் மேப் ஓடுகிற வேகம் இது. கை நடுங்குபவர்களுக்கு இதைக் குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஊரையே தொலைத்துவிட்டுத் தேட வேண்டியிருக்கும்.

4. வேகம்

ஸ்லோ 1.0, நார்மல் 1.5, ஃபாஸ்ட் 2.0 என மூன்று வேகங்கள். ஒரு வில்லேஜரை உருவாக்க கேம் கணக்கில் 25 விநாடி ஆகும். ஃபாஸ்ட்டில் அது நமக்கு 12.5 விநாடி, நார்மலில் சுமார் 17, ஸ்லோவில் முழு 25. அதாவது ஸ்லோவில் யோசிக்கவும் கையை நகர்த்தவும் இரண்டு மடங்கு நேரம் கிடைக்கிறது. தனியாக விளையாடும்போது நம்பர் பேடில் உள்ள பிளஸ், மைனஸ் கீகளாலும் வேகத்தை மாற்றலாம். எப்3 அழுத்தினால் கேம் நிற்கும். நிறுத்திய நிலையிலேயே ஆட்களுக்குக் கட்டளையும் கொடுக்கலாம்.

5. நான்கு கீகள் போதும்

ஆப்ஷன்ஸில் ஹாட் கீஸ் பட்டனை அழுத்தினால் எல்லா கீகளையும் மாற்றி அமைக்கலாம். புள்ளி கீ வேலையின்றி நிற்கும் வில்லேஜரிடமும், கமா கீ சும்மா நிற்கும் படைவீரனிடமும் நம்மைக் கொண்டு செல்லும். இவை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உள்ளன. டவுன் சென்டருக்குச் செல்லும் ஹெச் கீயை எம் கீக்கும், வில்லேஜரை உருவாக்கும் சி கீயை என் கீக்கும் மாற்றினேன். இப்போது என், எம், கமா, புள்ளி என நான்கும் ஒரே வரிசையில். அப்பா வலது கையை அங்கேயே ஊன்றி வைத்து, விரலை மட்டும் அழுத்துகிறார். மாற்றும்போது அதே கீ வேறு வேலைக்கு உள்ளதா எனப் பார்த்துக் கொள்ளுங்கள்.

கவனிக்க

இந்தச் சிடிக்களில் உள்ள சேஃப்டிஸ்க் என்ற காப்பி தடுப்பு முறையை விண்டோஸ் 10 ஏற்பதில்லை. விண்டோஸ் 7லும் 2015 செப்டம்பரில் வந்த செக்யூரிட்டி அப்டேட் அதை நிறுத்திவிட்டது. எங்கள் கம்ப்யூட்டரில் அந்த அப்டேட் ஏறவில்லை. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவும் 2020 ஜனவரியில் முடிந்துவிட்டதால், அதில் இன்டர்நெட் இணைப்பே கொடுக்கவில்லை. புதிய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கண்ட தளங்களில் கிராக் பைல் தேடி வைரஸ் வாங்க வேண்டாம். 2019ல் வெளிவந்த டெஃபினிட்டிவ் எடிஷனை வாங்குங்கள். அதில் மவுஸ் வீலைச் சுழற்றியே படத்தைப் பெரிதாக்கலாம்.

ஒரு சமயத்தில் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றி, விளையாடுபவரிடம் கேட்டு, ஒரு தாளில் குறித்து வையுங்கள். எங்கள் மானிட்டர் ஓரத்தில் அந்தத் தாள் இன்னும் ஒட்டியிருக்கிறது. போன வாரம் இரவு, அலுவலகத்தில் இருந்தபோது அப்பாவிடம் இருந்து போன். “தம்பி, காஸில் ஏஜ் வந்துட்டேன். வேகத்தை நார்மலுக்கு மாத்துறது எப்படி?”

பிளஸ் கீ எனச் சொன்னேன்.