பட்டறையிலிருந்து காரை எடுக்குமுன்

விபத்தில் நசுங்கிய காரை டிங்கரிங் பட்டறையிலிருந்து திரும்பப் பெறும்போது, அந்தி மங்கலிலோ குழல்விளக்கின் கீழோ ஒருமுறை பார்த்துத் திருப்தியடைந்துவிடாமல், கழுவித் துடைக்கச் செய்து, நல்ல பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் குனிந்து நோக்குவீர்களானால், அலையலையாக நெளியும் தகடும், ரப்பர் பட்டைமேல் தெறித்த பெயிண்டும், மேலே அகன்று கீழே நெருங்கிய கதவிடுக்கும் பிரத்தியட்சமாகத் தெரியவரும். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை இரும்புத் தகட்டின்மேல் வைத்துப் பாருங்கள். மற்ற இடங்களில் கெட்டியாக ஒட்டுவது பழுதுபார்த்த இடத்தில் நழுவுமானால், ஒடுக்கைச் சரிவர எடுக்காமல் பட்டியை அப்பியிருக்கிறார்கள் என்பதே அதன் அர்த்தம். (பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக்காதலால் அங்கே இச்சோதனை செல்லாது.) அத்தகைய கனத்த பட்டி நாளடைவில் வெடித்து, நீர் புகுந்து, உள்ளே துரு ஏறிவிடும்.

குறை கண்டால், இன்சூரன்ஸ் கம்பெனிக்கான திருப்திச் சான்றில் தயவுதாட்சண்யத்துக்காகக் கையெழுத்திடாதீர்கள். இதுவே எல்லாவற்றிலும் பிரதானம். புகைப்படங்களுடன் இரு தரப்பாருக்கும் எழுத்து மூலம் அறிவித்து, சர்வேயரின் மறு ஆய்வைக் கோருங்கள். நியாயம் கிட்டாவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உண்டு; ஆணையத்தில் புகாரை 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தல் வேண்டும்.