ப்ராக்ஸி உள்ள அலுவலகத்தில் பவர் பிஐ: முழுமையான வழிகாட்டி

வீட்டில் நன்றாக ஓடிய பவர் பிஐ ரிப்போர்ட், அலுவலக நெட்வொர்க்கில் ரெஃப்ரெஷ் கொடுத்ததும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் இணைக்க முடியவில்லை என்கிறது. பிரவுசரில் அதே முகவரியைத் தட்டினால் தளம் உடனே வருகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இந்த இடத்தில் தங்கள் குவரியைச் சந்தேகித்து அதை மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். அதற்கு முன் ப்ராக்ஸியைப் பாருங்கள்.

அலுவலகக் கணினிகள் இணையத்துக்கு நேராகப் போகாமல், நடுவில் உள்ள ஒரு சர்வர் வழியாகப் போகும்படி ஐடி துறை அமைத்திருக்கும். அதுதான் ப்ராக்ஸி. அந்தச் சர்வரின் முகவரி ஒவ்வொரு மென்பொருளுக்கும் தெரிந்தாக வேண்டும். எந்த மென்பொருள் ஓடுகிறது, யாருடைய கணக்கில் ஓடுகிறது, முகவரியை எங்கிருந்து எடுத்துக்கொள்கிறது என்று மூன்று கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு கீழே போகலாம்.

எது ப்ராக்ஸி வழியாகப் போகும்?

வெப், ஓடேட்டா, ஷேர்பாயின்ட் ஆன்லைன் போன்ற இணையத் தரவு மூலங்களும், பவர் பிஐ சேவையில் லாகின் செய்வதும், ரிப்போர்ட்டை பப்ளிஷ் செய்வதும் ப்ராக்ஸி வழியாகப் போகும். அலுவலகத்துக்குள் உள்ள எஸ்க்யூஎல் சர்வருக்கு இதில் வேலை இல்லை. அதன் இணைப்பு வழக்கமாக 1433 போர்ட்டில் நேராகப் போகிறது. டேட்டாபேஸ் இணைப்பு உடைந்தால் ஃபயர்வாலையும் லாகினையும் பாருங்கள். இதை முதலில் பிரித்துக்கொண்டால் பாதித் தேடல் மிச்சம்.

ஐடி துறையிடம் கேட்க வேண்டியவை

ப்ராக்ஸியின் பெயர் அல்லது ஐபி முகவரி, போர்ட் எண் (8080, 3128 இரண்டும் அடிக்கடி காணப்படுபவை), அல்லது தானியங்கி ஸ்கிரிப்டின் முகவரி. ப்ராக்ஸி யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்குமா? அலுவலகத்துக்குள் எந்தெந்த முகவரிகள் ப்ராக்ஸி இல்லாமல் போக வேண்டும்? நான்காவதாக ஒன்றையும் கேளுங்கள், பலர் விட்டுவிடுவது இது: ப்ராக்ஸி மறைகுறியாக்கப்பட்ட போக்குவரத்தைத் திறந்து பார்க்கிறதா?

விண்டோஸில் அமைப்பது

பவர் பிஐ டெஸ்க்டாப்பில் ப்ராக்ஸி முகவரி போடத் தனிப் பெட்டி இல்லை. விண்டோஸில் உள்ளதையே அது எடுத்துக்கொள்கிறது.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் திறந்து, 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', பிறகு 'ப்ராக்ஸி' என்று போங்கள். ஐடி துறை தந்தது ஸ்கிரிப்ட் முகவரி என்றால் 'யூஸ் செட்டப் ஸ்கிரிப்ட்' பகுதியில் இடுங்கள். ஐபி முகவரியும் போர்ட்டும் தந்திருந்தால் 'மேனுவல் ப்ராக்ஸி செட்டப்' பகுதியில் இடுங்கள். சேமித்த பின் பவர் பிஐயை முழுதாக மூடித் திறப்பது நல்லது.

ஸ்கிரிப்ட் கோப்பை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்வேன். அதன் முகவரியை பிரவுசரில் தட்டினால் கோப்பு இறங்கும், நோட்பேடில் திறக்கலாம். உள்ளே முக்கியமாக இருப்பது ஜாவாஸ்கிரிப்டில் ஒரு செயற்கூறு. ஒவ்வொரு முகவரிக்கும் 'இந்த ப்ராக்ஸி வழியாகப் போ' அல்லது 'நேராகப் போ' என்று அது பதில் தருகிறது. உங்கள் தரவுத் தளம் எந்த வரியில் சிக்குகிறது என்று நீங்களே படித்துவிடலாம்.

விதிவிலக்குப் பட்டியல்

மேனுவல் அமைப்பில், ப்ராக்ஸி வேண்டாத முகவரிகளை அரைப்புள்ளி போட்டுப் பிரித்து எழுத ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குக் கீழே, உள்ளூர் முகவரிகளுக்கு ப்ராக்ஸி வேண்டாம் என்று டிக் செய்யும் இடமும் உண்டு. அந்த டிக் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் 'உள்ளூர்' என்று எடுத்துக்கொள்வது புள்ளியே இல்லாத வெறும் பெயர்களை மட்டும். 10 என்று தொடங்கும் அலுவலக ஐபி முகவரியிலும் புள்ளி இருக்கிறது, அதனால் அது ப்ராக்ஸிக்குப் போய் முட்டும். அப்படிப்பட்டவற்றை, 10, புள்ளி, நட்சத்திரக் குறி என்ற வடிவில் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அலுவலகத்தின் உள் டொமைனையும் முன்னால் நட்சத்திரக் குறி போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோதனை

ஹோம் பட்டையில் 'கெட் டேட்டா', 'வெப்' என்று போய், லாகின் கேட்காத ஒரு பொதுத் தரவு முகவரியைக் கொடுங்கள். உலக வங்கியின் ஏபிஐ இதற்கு வசதி. அனுமதி கேட்கும் திரையில் 'அனானிமஸ்' தேர்ந்தெடுங்கள். தளம் பாஸ்வேர்டு கேட்காது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியும். எனவே யாராவது அடையாளம் கேட்டால், கேட்பது ப்ராக்ஸி.

பிழை எண்ணைக் கவனியுங்கள். 401 வந்தால் அடையாளம் கேட்பது தரவுத் தளம். 'டேட்டா சோர்ஸ் செட்டிங்ஸ்' போய்ப் பழைய அனுமதியை அழித்துப் புதிதாகக் கொடுங்கள். 403 இரு பக்கமிருந்தும் வரலாம், அந்தத் தளத்தையே ப்ராக்ஸி தடுத்திருக்கவும் கூடும். 407 என்றால் சந்தேகமே வேண்டாம், ப்ராக்ஸிதான் உங்களை யார் என்று கேட்கிறது.

407 வந்தால்

பவர் பிஐ டெஸ்க்டாப் வழக்கமாக ப்ராக்ஸிக்கு உங்கள் விண்டோஸ் அடையாளத்தைத் தருவதில்லை. பிரவுசர் தரும். பிரவுசரில் வரும் தளம் பவர் பிஐயில் வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2020 மார்ச் வெளியீட்டிலிருந்து இதற்கு வழி உண்டு. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில், லோக்கல் மெஷின் பிரிவில், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், மைக்ரோசாஃப்ட் பவர் பிஐ டெஸ்க்டாப் என்ற இடத்தில், 'யூஸ் டிஃபால்ட் கிரெடென்ஷியல்ஸ் ஃபார் ப்ராக்ஸி' என்ற பெயரை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுதி, டிவேர்டு மதிப்பாக 1 கொடுக்க வேண்டும். கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டி வரலாம். அட்மின் அனுமதி இல்லாமல் இது முடியாது. பாதுகாப்பு சார்ந்த மாற்றம் என்பதால் ஐடி துறையே செய்வதுதான் சரி.

சான்றிதழ் பிழை

ப்ராக்ஸி போக்குவரத்தைத் திறந்து பார்க்கும் அலுவலகங்களில், தளத்தின் அசல் சான்றிதழுக்குப் பதிலாக அலுவலகத்தின் சான்றிதழ் உங்கள் கணினிக்கு வந்து சேரும். அலுவலகத்தின் ரூட் சான்றிதழ் விண்டோஸின் நம்பகப் பட்டியலில் இருந்தால்தான் பவர் பிஐ அதை ஏற்கும். ரூட் இருந்தும் பிழை வந்தால், 'ஆப்ஷன்ஸ்' திரையில் 'செக்யூரிட்டி' பகுதியில் சான்றிதழ் ரத்துச் சோதனையைப் பாருங்கள். அலுவலகம் தயாரிக்கும் சான்றிதழ்களில் ரத்துத் தகவல் இல்லாமல் போவது உண்டு. அங்கே 'பேசிக் செக்' வைத்துப் பாருங்கள். 'நன்' வைக்காதீர்கள், ரத்தான சான்றிதழையும் அது கேட்காமல் விட்டுவிடும்.

ரிப்போர்ட்டுக்குள் பைதான் ஸ்கிரிப்ட் இருந்தால் அது தனிக் கதை. இணையத் தரவை எடுக்கப் பைதானில் பயன்படும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் தன்னுடன் வரும் சான்றிதழ் தொகுப்பைத்தான் நம்புகிறது. விண்டோஸில் கொடுத்த தானியங்கி ப்ராக்ஸி ஸ்கிரிப்டையும் அது படிக்காது. அப்படி ஸ்கிரிப்ட் வைத்த அலுவலகத்தில் ப்ராக்ஸி முகவரியையும், போக்குவரத்தைத் திறந்து பார்க்கும் அலுவலகத்தில் சான்றிதழையும் அதற்குத் தனியே தர வேண்டும்.

கேட்வே: உங்கள் அமைப்பு செல்லாத இடம்

அலுவலகத்துக்குள் ஒரு கணினியில் ஓடி, பவர் பிஐ சேவைக்குத் தரவை எடுத்துக் கொடுக்கும் மென்பொருள்தான் கேட்வே. டெஸ்க்டாப்பில் எல்லாம் சரி, ஆனால் கேட்வே வழியாக நடக்கும் தினசரி ரெஃப்ரெஷ் மட்டும் உடைகிறது என்றால் காரணம் கணக்குதான். நீங்கள் செட்டிங்ஸில் செய்தது உங்கள் விண்டோஸ் கணக்குக்கு மட்டும். கேட்வே ஒரு சர்வீஸாக, தனக்கென்று உள்ள கணக்கில் ஓடுகிறது. நீங்கள் வைத்த முகவரி அதற்குத் தெரியாது.

அதற்குரியதை கேட்வே நிறுவப்பட்ட ஃபோல்டரில், புரோகிராம் ஃபைல்ஸுக்குள், கான்ஃபிக் கோப்புகளில் எழுத வேண்டும். மூன்று கோப்புகள்: அமைப்புத் திரைக்கு ஒன்று, சர்வீஸுக்கு ஒன்று, 'எம்' என்ற உள்ஃபோல்டரில், தரவை எடுத்து வரும் மேஷப் கன்டெய்னருக்கு ஒன்று. மூன்றாவதை மறந்தால் கேட்வே ஆன்லைன் என்று பச்சை காட்டும், ஆனால் இணையத் தரவு மட்டும் வராது. மாற்றுவதற்கு முன் மூன்றையும் நகல் எடுத்து வையுங்கள். நோட்பேடை அட்மினாகத் திறந்து, ப்ராக்ஸி பகுதியில் முகவரியையும் போர்ட்டையும் மூன்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

ப்ராக்ஸி அடையாளம் கேட்கும் இடத்தில், சர்வீஸை ஒரு டொமைன் கணக்குக்கு மாற்ற வேண்டியிருக்கும். கேட்வே செயலியின் 'சர்வீஸ் செட்டிங்ஸ்' பகுதியில் இதைச் செய்யலாம். அப்போது நிறுவும்போது வைத்த ரிகவரி கீ கேட்கும். அது கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

முடித்ததும் கேட்வே சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, 'டயக்னாஸ்டிக்ஸ்' பகுதியில் நெட்வொர்க் போர்ட் சோதனையை ஓட்டுங்கள். பிறகு பவர் பிஐ சேவையில் அந்த ரிப்போர்ட்டின் தரவுக்கு 'ரெஃப்ரெஷ் நவ்' கொடுத்து, ரெஃப்ரெஷ் ஹிஸ்டரியில் 'கம்ப்ளீட்டட்' என்று வருகிறதா பாருங்கள். வந்த பிறகு தினசரி ஷெட்யூலை ஆன் செய்யுங்கள்.