காவிரிப் படித்துறை வேண்டாம், கயல்

அன்புள்ள கயல்,

தாத்தாவுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்ததிலிருந்து நீதான் அவருக்குக் கைத்தடி என்று அண்ணி சொன்னாள். தண்ணீருக்குள் பயிற்சி செய்தால் நடை வரும் என்கிறார்களே, காவிரிக்கரை அம்மா மண்டபப் படித்துறைக்கே கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறாய். காவிரிக்கு வேண்டாம். ஆனால் தண்ணீரில் நடை பழகுவது நல்ல யோசனைதான்.

பக்கவாதத்தில் அடிபடுவது கால் இல்லை, காலை இயக்கும் மூளைப் பகுதி. அந்த வேலையை மூளையின் மற்ற பகுதிகள் ஓரளவு கற்றுக்கொள்ளும். அதற்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். தாத்தாவோ விழுந்துவிடுவோம் என்று பயந்து காலையே எடுத்து வைப்பதில்லை.

அங்கேதான் தண்ணீர் உதவும். இடுப்பளவுத் தண்ணீரில் காலில் இறங்கும் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். மார்பளவில் மூன்றில் ஒரு பங்குதான். 70 கிலோ மனிதர் அங்கே சுமார் 25 கிலோவைத்தான் தாங்குகிறார். தடுமாறினாலும் மெதுவாகத்தான் சாய்வார். நிமிர்ந்துகொள்ள அவகாசம் கிடைக்கும். காலை வேகமாக வீசினால் தண்ணீர் அதிகமாக எதிர்க்கும், மெதுவாக வீசினால் விட்டுக்கொடுக்கும். 33 முதல் 35 டிகிரி வெதுவெதுப்பில் இறுகிய தசையும் சற்றுத் தளரும்.

சிகிச்சைக்கான குளத்தில் பிசியோதெரபிஸ்டும் தண்ணீருக்குள் இறங்கி எதிரே நிற்பார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எடையை இடது காலுக்கு மாற்றச் சொல்வார், பக்கவாட்டில் அடி வைக்கச் சொல்வார். பிறகு பிடியை விட்டு, கையால் தண்ணீரைக் கலக்குவார். அந்த அலையில் சாயாமல் நிற்பதே பயிற்சி. 1949இல் லண்டனில் ஜேம்ஸ் மெக்மில்லன் என்ற பொறியாளர், ஹாலிவிக் பள்ளியின் மாற்றுத்திறனாளிச் சிறுமிகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்ததில் பிறந்த முறை இது.

இதில் எதுவும் படித்துறையில் நடக்காது. படியில் பாசி, ஆழம் இடத்துக்கு இடம் மாறும், மேட்டூர் அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் இழுப்பு வேறு. நல்ல காலுள்ளவர்களையே வழுக்கும் இடம் அது.

குளமானாலும் டாக்டரைக் கேட்காமல் இறக்காதே. கழுத்தளவு, மார்பளவுத் தண்ணீர் உடம்பை அழுத்தி இதயத்துக்கு வரும் ரத்தத்தைக் கூட்டும். பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள், வலிப்பு வருகிறவர்கள், ஆறாத புண், காய்ச்சல், சிறுநீர் அடக்கமுடியாத நிலை உள்ளவர்கள் இறங்கக்கூடாது.

திருச்சியில் வசதியான குளம் அமையாவிட்டால் மனம் தளராதே. தண்ணீர்ப் பயிற்சி துணைதான். தரையில் செய்வதுதான் முதல் சிகிச்சை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாளைக்கே போய்க் கேள்.

இன்னொன்று. தாத்தாவுக்கு மறுபடி வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை துவண்டாலோ உடனே 108ஐக் கூப்பிடு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். அண்ணியிடமும் சொல்லிவை.

அன்புடன்,
அத்தை