எண்கள்: 4 294 967 297 முதன்மை எண்ணா?

மாணவர்களே, "நிறுவுக" எனக் கேட்கப்படும் வினாவில் பலர் இரண்டு மூன்று எண்களைப் பிரதியிட்டுப் பார்த்துவிட்டு, "ஆகவே எப்போதும் உண்மை" என எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர். ஐந்து எண்களுக்குச் சரியாக வந்த ஒரு கோலம் ஆறாவது எண்ணில் பிழைத்த கதையை இங்கு பார்ப்போம்.

1. எண் தோன்றிய விதம்

2 இன் வலுவுடன் 1 ஐக் கூட்டுவோம். சுட்டி ஒவ்வொரு முறையும் இருமடங்காகிறது.

2¹ + 1 = 3
2² + 1 = 5
2⁴ + 1 = 17
2⁸ + 1 = 257
2¹⁶ + 1 = 65 537

இவை ஐந்தும் முதன்மை எண்கள். இக்கோலத்தில் வரும் எல்லா எண்களும் முதன்மை எண்களே என 1640 இல் பிரான்சியக் கணிதவியலாளர் பேர்மா நம்பினார். ஆனால் தம்மிடம் நிறுவல் இல்லை என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். அடுத்த எண் 2³² + 1 = 4 294 967 297 ஆகும்.

2. எளிய சோதனைகள்

• ஒன்றினிடத்து இலக்கம் 7. எனவே 2, 5 ஆகியவற்றால் வகுபடாது, நிறைவர்க்கமும் அன்று.
• இலக்கங்களின் கூட்டுத்தொகை 59. இலக்கச் சுட்டி 5. எனவே 3, 9 ஆகியவற்றால் வகுபடாது.
• வர்க்கமூலம் 65 536 இலும் மிகச் சற்றே பெரியது. எனவே முதன்மை எண் எனக் கூறுவதற்கு, 65 536 வரையுள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும்.

3. ஒயிலரின் விடை

1732 இல் ஒயிலர் இதன் காரணிகளைக் கண்டார்.

4 294 967 297 = 641 × 6 700 417

எனவே இது சேர்த்தி எண். இதன் எந்த முதன்மைக் காரணியையும் 64 ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எனவும் அவர் காட்டினார். அத்தகைய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 என வரும். ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைக்கிறது!

4. நீள்வகுத்தலின்றி நிறுவல்

641 = 5⁴ + 2⁴ எனவும், 640 = 5 × 2⁷ எனவும் எழுதலாம்.

2³² + 1 = 2⁴ × 2²⁸ + 1
= (641 − 5⁴) × 2²⁸ + 1
= 641 × 2²⁸ − (5 × 2⁷)⁴ + 1
= 641 × 2²⁸ − (640⁴ − 1)

இரு வர்க்கங்களின் வித்தியாசப்படி,
640⁴ − 1 = (640² + 1)(640 + 1)(640 − 1)

இங்கு 640 + 1 = 641. இரு உறுப்புகளிலும் 641 காரணியாக உள்ளது. ஆகவே 2³² + 1 ஆனது 641 ஆல் மீதியின்றி வகுபடும்.

நினைவிற் கொள்க: ஒரு கூற்றைப் பொய்யாக்க ஓர் எதிருதாரணம் போதும். அதனை நிறுவ நூறு உதாரணங்களும் போதா.

பயிற்சி

1. 4 294 967 297 ஐ இரு தசமதானங்களுக்குத் திருத்தமாக விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில் எழுதுக.
2. 641, 6 700 417 இரண்டும் முதன்மை எண்கள். எனின், 4 294 967 297 இற்கு எத்தனை காரணிகள் உண்டு?
3. 2³² − 1 ஐ முதன்மைக் காரணிகளின் பெருக்கமாக எழுதுக.

விடைகள்: (1) 4.29 × 10⁹ (2) 4 (3) 3 × 5 × 17 × 257 × 65 537