ரகசியம் காப்பதும் சிகிச்சைதான்

கண்ணு, மொரப்பூரில் நர்ஸ் வேலையில் சேரப்போகிறாய். எச்.ஐ.வி. உள்ளவர்கள் வந்தால் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டாய். பெரியம்மாவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. எப்படி வந்தது என்று கேட்காதே. அதையெல்லாம் பேச, எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் இருக்கிறார். உன் முன்னால் நிற்பவருக்குக் காய்ச்சலோ புண்ணோ இருக்கும்; அதைப் பார். லாரி ஓட்டினவரா, திருப்பூருக்கு வேலைக்குப் போனவரா என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தால் கை கடுமையாகிவிடும்.

2. வாயைக் கட்டு. மொரப்பூர் சின்ன ஊர். ரயிலடியிலிருந்து கடைத்தெரு போவதற்குள் நாலு பேர் 'யார் வீட்டுப் பொண்ணு' என்பார்கள். மாவட்டத் தலைநகர் தருமபுரியிலேயே எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையம் இருந்தாலும், தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று வெளியூருக்கு ரயிலேறுகிறவர்கள் உண்டு. நான் பார்த்த ஒரு வார்டில் ஓர் அம்மாவின் கேஸ் ஷீட்டின் தலையில் எச்.ஐ.வி. என்று சிவப்பு மையால் எழுதிக் கட்டில் காலில் மாட்டியிருந்தார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர் படித்துவிட்டார். மறுநாளிலிருந்து அந்த அம்மாவுக்குச் சோறு கொண்டுவர ஆளில்லை. இன்று சம்மதமில்லாமல் வெளியே சொல்வதைத் தடுக்கச் சட்டமே இருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. நோயாளி பஸ்ஸில் எதிர்ப்பட்டால் அவர் சிரித்த பிறகு நீ சிரி. முகத்தைத் திருப்பிக்கொண்டால் மனசில் வைத்துக்கொள்ளாதே.

3. பயம் வரும். 1986இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் இந்தத் தொற்றை இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டறிந்தபோது நாடே பயந்தது. அந்தப் பயத்தைப் போக்குவது சரியான பழக்கம்தான். எல்லோருடைய ரத்தத்துக்கும் ஒரே மாதிரி கையுறை போடு. ஒருவருக்கு மட்டும் இரண்டு போட்டால் பக்கத்துக் கட்டிலுக்கு நீயே சொன்ன மாதிரி. நாடி பிடிக்கவும் தோளைத் தொடவும் கையுறை எதற்கு? போட்ட ஊசிக்கு மறுபடி மூடி போடாதே. தவறிக் குத்திவிட்டால் பிதுக்காதே, வாயில் வைக்காதே. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி உடனே டாக்டரிடம் சொல். தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மருந்தே எடுக்காவிட்டாலும் தொற்றுவது 1000 குத்தலில் சுமார் 3தான். இது தெரிந்தால் ராத்திரி தூக்கம் வரும்.

4. மாத்திரை விட்டுப்போனவரைத் திட்டாதே. 2004 ஏப்ரலில் தாம்பரம் போன்ற சில அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து தொடங்குவதற்கு முன், மருந்து வாங்க வழியில்லாமல் செத்தவர்கள் ஏராளம். இன்று பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. ஆனால் அந்த ஒன்றை எங்கே ஒளிப்பது? டப்பா குலுங்கினால் மாமியாருக்குக் கேட்குமே என்று உள்ளே பஞ்சு அடைத்து, அரிசிப் பானையில் புதைத்து வைத்திருந்தாள் ஒரு மருமகள். 'ஏன் சாப்பிடலை' என்று கேட்டால் அழுவாள். 'எந்நேரம் வீட்டில் ஆளிருக்காது கண்ணு' என்று கேள், வழி பிறக்கும்.

5. கர்ப்பமானபோதுதான் விஷயம் தெரிந்தது என்று வருகிறவளிடம் கூடுதலாக உட்கார்ந்து பேசு. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் பிள்ளைக்குத் தொற்றாமல் காப்பாற்றலாம் என்பதை முதலில் சொல், மற்றதெல்லாம் பிறகு. பிள்ளைக்குத் தொற்றில்லை என்று உறுதியாகச் சொல்ல 18 மாதம் ஆகும். அத்தனை நாளும் அவள் உன் முகத்தைத்தான் பார்ப்பாள்.

6. சில நாள் நீயே உடைந்துபோவாய். நோயாளியின் பேர் சொல்லாமல், கூட வேலை பார்க்கும் அக்காவிடம் பேசு, இல்லையென்றால் எனக்குப் போன் போடு. டூட்டி முடிந்தால் சாப்பிடாமல் படுக்காதே.