முதற்பேறும் அச்சமும்

முதற்பேற்றை எதிர்நோக்கும் பெண்ணிடம் நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் வலியைப் பற்றியே. அச்சம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைப் பெருக்குகிறது, வலி மீண்டும் அச்சத்தை வளர்க்கிறது என்று ஆங்கிலேய மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1933-இல் எழுதினார். வலி முழுவதும் அச்சத்தின் விளைவே என்று கொள்வது மிகை; எனினும் இச்சுழற்சி மெய்யே.

ஆதலின், வலிமருந்தின்றி ஈன விரும்புபவள் முதலில் பயில வேண்டியது உடலைத் தளர்த்துதல். கருப்பை சுருங்குகையில் தாடையும் தோள்களும் தளர, மூச்சை மெல்ல நீட்டி வெளிவிட வேண்டும். இடைவேளைகள் ஓய்வுக்குரியவை. அவள் விரும்பும் துணை ஒருவர் உடனிருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் பரிந்துரைத்தது. (அறிவுரை கூறாதவராயின் மிக நன்று!)

முதற்பேறு நீளும், கருப்பைவாய் 5 செ.மீ. விரிந்த பின்னும் 12 மணி நேரம் வரை ஆகலாம். இடையில் அவள் மருந்து கேட்டாலோ, மருத்துவர் அறுவை வேண்டும் என்றாலோ அது தோல்வியன்று. இதனை வீட்டாருக்கும் முன்னரே சொல்லிவைக்க வேண்டும்.